துண்டின் மேல் ஏழு எழுத்து

மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் எங்கள் வீட்டில் பகல் கிடையாது. என் கணவருக்கு நைட் ஷிப்ட் வரும் வாரம் அது. காலை ஏழு மணிக்கு வந்து, குளித்து, இரண்டு இட்லியைத் தின்றதாகப் பேர்பண்ணிவிட்டுப் படுத்தாரென்றால், மத்தியான ஷிப்ட் பஸ் போய்த் திரும்பும்வரை அந்த அறையில் இருட்டுதான். ஜன்னல் கண்ணாடியில் அட்டை ஒட்டியிருப்போம். அதன் மேல் என்னுடைய பழைய நீலப் புடவை இரண்டாக மடித்துத் தொங்கும். வாசல் கேட்டில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிவிடுவேன். எங்கள் பிளாக்கில் அதற்கு அர்த்தம் தெரியாதவர்கள் இல்லை. கீரைக்கார அம்மாகூடக் குரலை விழுங்கிக்கொண்டு கூடையை இறக்கி வைத்துவிட்டு, நான் எட்டிப் பார்க்கும்வரை பேசாமல் நிற்பார்.

அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் இருக்கிறவர் கண் அயரக் கூடாது. ஒரு தடவை அயர்ந்துவிட்டார். கூட இருந்தவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாராம். சாப்பிட்டுக்கொண்டே, குழம்பில் உப்பு குறைச்சல் என்று சொல்கிற குரலில் இதை அவர் சொன்னார். அதற்கு மேல் டாக்டர் வேறு, பிரஷர் இருக்கிறது, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவருடைய தூக்கம் என் பொறுப்பு. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. குக்கர் விசில் கிடையாது, மிக்ஸி கிடையாது, டிவி கிடையாது. பக்கத்து குவார்ட்டர்ஸில் யாராவது ஆணி அடித்தால் நான் போய் நிற்பேன். எனக்கு அந்த பிளாக்கில் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லப்போவதில்லை.

அந்த ஓசையில்லாப் பகல்களில்தான் எழுத்து விளையாட்டு வந்து சேர்ந்தது. இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கம். ஊரெல்லாம் செல்போனில் இங்கிலீஷ் எழுத்துகளை இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்த காலம். என் மகள் கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபோது, பரண் மேல் ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தாள். கட்டம் போட்ட அட்டை, நூறு இங்கிலீஷ் எழுத்துக் கட்டைகள், கட்டைகளை வரிசையாக நிறுத்திவைக்க நாலு தாங்கிகள். அந்த வருடம்தான் என் நாத்தனார் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். தமிழ் எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு வாத்தியார் வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கடைக்குட்டி என்பதால் எல்லோருக்கும் அவள் பாப்பா. இருபத்தாறு வயதுப் பாப்பா.

இங்கிலீஷில் நாங்கள் இரண்டு நாள் விளையாடிப் பார்த்தோம். எனக்குத் தெரிந்த வார்த்தைகள் முதல் நாளிலேயே தீர்ந்துபோயின. இரண்டாம் நாள் பாப்பா ஒரு கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். முதுகு வெறுமையாக இருந்தது.

"அண்ணி, பின்பக்கம் சும்மாதானே இருக்குது" என்று கிசுகிசுத்தாள்.

அப்படித்தான் நூறு கட்டைகளின் முதுகிலும் தமிழ் ஏறியது. மார்க்கர் பேனாவில் அவள் எழுத, மேலே நெயில் பாலிஷை நான் பூசினேன். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை நூறு கட்டையில் எப்படி அடக்குவது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பாப்பாவே ஒரு வழி சொன்னாள். கட்டையில் க இருந்தால் போதும். அதைக் கா, கி, கூ, க் என்று எப்படி வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளலாம். காலும் கொம்பும் புள்ளியும் நம் வாயில் இருக்கட்டும். குறுக்கே போகும்போது கை, நெடுக்கே இறங்கும்போது கா என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அ, இ, உ, எ, ஒ என்று உயிருக்குக் கொஞ்சம் கட்டைகள். 'கள்' சேர்த்து வார்த்தையை நீட்டக் கூடாது. ஆளுக்கு ஏழு கட்டை, அந்த ஏழையும் ஒரே ஆட்டத்தில் இறக்கினால் ஐம்பது புள்ளி கூடுதல்.

புள்ளி வைப்பதில் ஒரு தப்புச் செய்தோம். க, ம, த, ர எல்லாம் தெருவில் கிடக்கிற எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஞ அரிது, எட்டு. ங அதைவிட அரிது என்று நினைத்துப் பத்து கொடுத்தோம். நெடுங்கணக்கில் அது தனியாகப் பரிதாபமாக நிற்பதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம். விளையாட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, கையில் ஒரு க இருந்தால் ங தானாக அதன் முன்னால் வந்து நிற்கும். தங்கம், சங்கு, வெங்காயம், பங்குனி. ஆனாலும் பத்தை நாங்கள் குறைக்கவில்லை. இரண்டு பேருக்குமே அந்தப் பத்தின் மேல் ஆசை.

அட்டையின் மேல் கட்டை விழுந்தால் டொக்கென்று சத்தம் வரும் என்பதால், கூடத்துத் தரையில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டை விரித்து, கட்டங்களை அதன் மேலேயே பேனாவால் கோடிழுத்துக்கொண்டோம். கட்டைகள் பஞ்சில் வைத்ததுபோல் உட்காரும். பேச்செல்லாம் கிசுகிசுப்பும் சைகையும்தான். அகராதியைப் புரட்டினால் தாள் சலசலக்கும், சண்டை வந்தால் குரல் ஏறும். அதனால் சந்தேகப்படுகிற வார்த்தையின் மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிட்டு மேலே ஆடுவோம். சண்டையெல்லாம் அவர் எழுந்த பிறகு. அவர் முகம் கழுவிக்கொண்டு காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்தால், அவர்தான் ஜட்ஜ்.

"சமர்னு ஒரு வார்த்தை இருக்குதா?" என்று தங்கையைக் கேட்பார்.

"இருக்குதுண்ணா. சண்டைன்னு அர்த்தம்."

"எங்க பெல்ட்டுல யாரும் சொல்லிக் கேட்டதில்லையே" என்பார். தீர்ப்பு அவ்வளவுதான். அவருடைய பெல்ட்டில் யாரும் சொல்லாத வார்த்தைக்கு எங்கள் வீட்டில் புள்ளி கிடையாது. எம்.ஏ. தமிழ் படித்தவள் முகம் தொங்கிப்போகும். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வார்த்தை தேடுவதை நான் அவளிடமிருந்து கற்றுக்கொண்டதாக அவள் சொல்லுவாள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் இலக்கணப்படி தேடுவாள். ங வந்தால் க, ஞ வந்தால் ச, ண வந்தால் ட என்று ஜோடி பிடிப்பாள். நான் அரிசி களைகிறவள் மாதிரிதான் தேடினேன். தாங்கியில் கட்டைகளை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டே, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொள்வேன். மின்விசிறி மெல்லச் சுற்றும். தூரத்தில் அனல்மின் நிலையத்தின் உறுமல் எப்போதும்போல, நாங்கள் கேட்பதையே மறந்துவிட்ட ஒரு சத்தமாக, அடியில் ஓடிக்கொண்டிருக்கும். புங்கை மரத்து நிழல் கதவிடுக்கு வழியாக வந்து துண்டின் மேல் ஆடும். அப்போது எழுத்துகள் தாமாக அசைவதுபோல் இருக்கும். த, ம, ர மூன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தால் முதலில் தரம் வரும், பிறகு ரதம், பிறகு மாதர். இன்னும் கொஞ்சம் கண்ணைத் தளர்த்தினால் மதுரை. அதற்கும் அடியில், தண்ணீருக்குள்ளிருந்து எழும்புகிற மாதிரி, தாமரை. எல்லாம் அதே மூன்று கட்டைதான். எனக்குச் சில சமயம் மயிர்க்கூச்செறியும். பாப்பா என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அந்தப் பழக்கம் தெருவரைக்கும் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றால் பலகைகளைச் சும்மா படிக்க முடியாது. பாப்பா ஊருக்குப் போகிற ஒரு நாள், நெல்லிக்குப்பம் வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றவள், விரல்விட்டு எண்ணி, "அண்ணி, நெல்லிக்குப்பம் கப்பல் நல்கும்" என்றாள். எழுத்தைச் சரிபார்த்தேன், ஒன்றுகூட மிச்சமில்லை. கரும்பு ஆலை இருக்கிற ஊர் கப்பல் தருமாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் பிறந்த ஊர் திருவதிகை. அந்தப் பலகையை நான் ஒரு மாதம் மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும்போது கிடைத்தது. கதவு, திரை. அதே ஐந்து எழுத்து. என் பிறந்த ஊரைக் கலைத்துப் போட்டால் ஒரு கதவும் ஒரு திரையும் கிடைக்கின்றன என்பது எனக்கு என்னவோ போல் இருந்தது. அந்த நைட் ஷிப்ட் வாரம் முழுவதும், நீலப் புடவை தொங்குகிற அவர் அறையைக் கடக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. இனி அந்த நாளைச் சொல்லவேண்டும்.

ஆடி மாதத்து வெயில். அவர் காலையில் வந்தபோது தலை கனமாக இருக்கிறது என்றார். நைட் ஷிப்ட் வாரத்தின் ஐந்தாவது நாளில் எல்லோருக்கும் தலை கனமாகத்தான் இருக்கும். படுத்தார். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் எப்போதும்போல் தண்ணீர்ச் சொம்பும் அதன் மேல் எவர்சில்வர் டம்ளரும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். சமையலை முடித்து, பதினொரு மணிக்குத் துண்டை விரித்தோம்.

அன்றைக்குப் பாப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மூன்று நைட் ஷிப்ட் வாரமாகவே அவள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல் இருந்தது, அதை மறைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு என் தாங்கியில் க மூன்று, ப, ர, ய, ஒரு ங. மூன்று க-வை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கண்ணைத் தளர்த்தினேன். அது வந்தது. பரங்கிக்காய். ஏழு எழுத்து, ஏழு கட்டை, மிச்சமில்லை.

ஆனால் இறக்க இடம் வேண்டுமே. துண்டில் எங்கே பார்த்தாலும் வார்த்தைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. முகத்தில் ஒன்றும் காட்டாமல் இரண்டு ஆட்டம் கட்டை போடாமல் கழித்தேன். பாப்பா சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு வலது ஓரத்தில் கண் போனது. அவள் முன்பே வைத்த 'பல்' அங்கே கிடந்தது. என் வார்த்தையை நெடுக்கே இறக்கி, நடுவில் வரும் ஒரு க-வை அதன் பக்கத்தில் நிறுத்தினால் அது பலகை ஆகும். போதாததற்கு, இறங்குகிற வழியில் ஒரு இரட்டிப்புக் கட்டம்.

நான் முதல் கட்டையைக் கையில் எடுத்தேன். அப்போது அறைக்குள் டம்ளர் விழுந்தது.

தரையில் மோதி, உருண்டு, சுவரில் இடித்து நின்றது. அந்த வீட்டில், அந்த வாரத்தில், அது இடி விழுந்த மாதிரிச் சத்தம். நான் யோசிக்கவே இல்லை. "ஷ்ஷ்" என்றேன். டம்ளரைப் பார்த்து. என் வாய்க்குப் பழகிப்போன ஒன்று.

பாப்பா பாதி எழுந்துவிட்டாள். "அண்ணி, அண்ணன் முழிச்சிக்கினாரோ?"

"உக்காரு. புரண்டு படுத்திருப்பாரு, கை பட்டிருக்கும். கதவத் திறந்தா இருக்கிற தூக்கமும் போயிடும்."

"போய்ப் பாத்துட்டு வந்துடறேனே."

"எழுப்பாதன்னா எழுப்பாத" என்றேன். அவர் தூக்கத்துக்காகத்தான் சொன்னேன். இதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் கையில் ஏழு கட்டை இருந்தது, அவள் எழுந்து போனால் ஆட்டம் கலைந்துவிடும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. இரண்டும் உண்மை. எது முந்தி என்று என்னால் சொல்ல முடியாது.

பாப்பா உட்கார்ந்தாள். நான் கட்டைகளை ஒவ்வொன்றாக, ஓசைப்படாமல் துண்டின் மேல் வைத்தேன். எழுத்துக்குப் பதினெட்டு, இரட்டித்தால் முப்பத்தாறு, பலகைக்கு நாலு, ஏழுக்கு ஐம்பது. தொண்ணூறு. எங்கள் விளையாட்டில் அதுவரை யாரும் தொடாத எண். அவள் வாயைப் பிளந்தாள். நான் சத்தமில்லாமல் கைதட்டிக்கொண்டேன்.

மத்தியான ஷிப்ட் பஸ் போயிற்று. காலை ஷிப்ட்காரர்களை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பியும் வந்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் தாமாக எழுந்துவிடுவார். அன்று எழவில்லை. நல்ல தூக்கம் போலிருக்கிறது, உடம்புக்கு வேண்டியதுதான் என்று நான் சந்தோஷப்பட்டேன். எங்கள் டவுன்ஷிப்பில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிற ஆளை எந்த வீட்டிலும் எழுப்ப மாட்டார்கள். பந்தல் போட்ட கல்யாண வீட்டில்கூட அவரைத் தூங்கவிட்டுவிட்டுத்தான் வேலை நடக்கும். மூன்று மணி ஆனபோது, சோறு ஆறுகிறதே என்றுதான் கதவைத் திறந்தேன்.

நீல இருட்டில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. டம்ளர் சுவரோரம் கிடந்தது. அவர் கட்டிலின் விளிம்பில் ஒருக்களித்துக் கிடந்தார். வலது கை மரத்துண்டு மாதிரி உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இடது கை ஸ்டூலின் மேல் நீண்டிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "எத்தனை மணிக்கு ஆச்சும்மா? கடைசியா எப்போ நல்லா இருந்தாரு? நேரம் முக்கியம்."

"காலையில வந்து படுத்தாருங்க. மூணு மணிக்குத்தான் பாத்தோம்" என்றேன்.

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு என்றைக்குமே அவள் சொல்லவில்லை. டம்ளரின் சத்தம் எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் தங்கிவிட்டது. என் மகள் அழுதுகொண்டு வந்து கேட்டபோதும் அதே பதில்தான். சொந்தக்காரர்களுக்கும் அதே பதில். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது.

அவர் பிழைத்தார். வலது கையும் காலும் ஆறு மாதத்தில் பாதி திரும்பி வந்தன. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, தேடித் தேடி வந்தது. ஒரு வருடம் கழித்து ஜெனரல் ஷிப்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்துபோனது. ஜன்னல் அட்டையைக் கிழித்தேன், கேட்டின் துண்டை அவிழ்த்தேன், மிக்ஸியை வேண்டுமென்றே பகலில் ஓட்டினேன். வீடு முழுக்க வெளிச்சம். ஆனாலும் மத்தியானமானால் நானும் பாப்பாவும் எங்களையறியாமல் கிசுகிசுப்பாகத்தான் பேசினோம்.

கட்டைப் பெட்டியை நான் பரணில் ஏற்றிவிட்டேன். எழுத்துகள் என்னை விடவில்லை. காய்கறிக் கடையில் பரங்கிக்காயைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதை வாங்குவதையே விட்டுவிட்டேன். ஒரு முறை அவரே கேட்டார், ஏன் பரங்கிக்காய் சாம்பாரே வைக்கிறதில்லை என்று. "வாயு" என்று சொன்னேன்.

பெட்டியை இறக்கியது பாப்பாதான். ஆஸ்பத்திரியில் அவர் விரலுக்குப் பயிற்சியாகச் சின்னச் சின்னப் பொருளை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். மொச்சைக்கொட்டையில் ஆரம்பித்தோம், அவருக்குச் சலிப்புத் தட்டியது. ஒரு நாள் என்னைக் கேட்காமலே அவள் பரணில் ஏறி, கட்டைகளை அவர் முன்னால் கொட்டினாள். அவர் வலது கை நடுங்க நடுங்க ஒரு கட்டையைப் பிடித்துத் தூக்கினார். ல. அதற்கு முன்னால் இன்னொன்றை வைத்தார். க. கல். அதற்கே அரை மணி ஆனது. பிறகு பல். பிறகு பால். அவருக்கு இரண்டெழுத்துக்கு மேல் பொறுமை கிடையாது, ஆனால் ஜட்ஜ் வேலையை மட்டும் விடவில்லை. "பெல்ட்டுல... சொன்னதில்ல" என்று திக்கித் திக்கிச் சொல்லி ஒரு பக்கமாகச் சிரிப்பார். நான் அடுக்களைக்குப் போய் அழுதுவிட்டு வருவேன்.

மெல்ல மெல்ல நானும் துண்டின் முன்னால் உட்கார்ந்தேன். ஆனால் நீளமான வார்த்தை வந்தால் வைக்க மாட்டேன். கண்ணைத் தளர்த்தினால் வரும், வந்ததைக் கலைத்துவிட்டுச் சின்னதாக எதையாவது வைப்பேன். பாப்பாவுக்குப் புரிந்திருக்கும். அவள் பரீட்சையில் தேறி, வேலை கிடைத்து, கல்யாணமாகி நெல்லிக்குப்பத்துக்கே போனாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஆட்டம். அவர் உள்ளே போய்ப் படுப்பார், கதவைத் திறந்தே வைத்து.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு உடம்பு முடியாமல் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. புங்கை பூத்து வாசலெல்லாம் உதிர்ந்து கிடந்தது. மின்விசிறி அதே வேகத்தில் சுற்றியது, அனல்மின் நிலையம் அதே சுருதியில் உறுமியது. என் தாங்கியில் வ, ள இரண்டு, ர, க இரண்டு, ய. நான் தேடவே இல்லை, அதுவாக வந்து நின்றது. வெள்ளரிக்காய். ஏழு கட்டை. இடமும் எதிரிலேயே திறந்து கிடந்தது. வைப்பதா கலைப்பதா என்று நான் கட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தேன்.

உள்ளே டம்ளர் விழுந்தது.

நான் எழுந்தது எனக்குத் தெரியாது. தாங்கி கவிழ்ந்து, காலில் துண்டு சிக்கி, கட்டைகள் தரையெல்லாம் சிதறி டொக் டொக்கென்று தெறித்தன. வாசற்படியில் முழங்காலை இடித்துக்கொண்டு அறைக்குள் போய் விழுந்தேன்.

அவர் மல்லாந்து படுத்திருந்தார். வாய் நேராக இருந்தது. இடது கை ஸ்டூலின் மேல் இருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க? என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல" என்றார். அடுத்த சொல்லைத் தேட அவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. "சும்மாத்தான். வர்றியான்னு... பாத்தேன்."

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். அந்த டம்ளர் அன்றைக்கும் கைபட்டு விழவில்லை, அவர் தள்ளிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் நான் அதைக் கைபட்டு விழுந்ததாகவே வைத்துக்கொண்டிருந்தேன். அப்படி வைத்துக்கொண்டால்தான் என்னால் சோறு தின்ன முடிந்தது.

"அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு" என்றேன். "டம்ளர் விழுந்தது எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க. பாப்பா எழுந்துச்சு, நான்தான் உக்கார வெச்சேன்."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

அவர் நல்ல கையின் விரலை உதட்டின் மேல் வைத்தார். "ஷ்ஷ்" என்றார், நான் சொல்வது மாதிரியே.

அதற்கப்புறம் நான் அழுதேன். அடுக்களைக்குப் போகாமல், அவர் முன்னாலேயே. அவர் என் முதுகில் தட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நான் அழுது முடிக்கும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு... பரங்கிக்காய் சாம்பார் வை" என்றார்.

கூடத்திலிருந்து பாப்பா குரல் கொடுத்தாள். "அண்ணி, கட்டையெல்லாம் பொறுக்கிட்டேன். உங்க ஆட்டம்தான்."

"இருக்கட்டும், வரேன்" என்றேன்.

சுவரோரம் கிடந்த டம்ளரை எடுத்துக் கழுவி வந்தேன். ஸ்டூலை அவர் கைக்கு இன்னும் ஒரு சாண் நெருக்கமாக இழுத்துப் போட்டேன். டம்ளரை அதன் நடுவில் வைக்கவில்லை. விரல் பட்டாலே விழுகிற மாதிரி, ஓரத்தில் வைத்தேன்.